விடிவதற்குள் ஒரு வுண்டு

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பெல்லாம் தேவலையா? ஏரிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் கொசுவும் கூடவே வரும். வலைக்குள் படுங்கள், ஈரத் தலையோடு தூங்காதீர்கள். காய்ச்சல்காரர்கள் உப்புப் போட்ட கஞ்சியாவது இரண்டு வாய் குடியுங்கள். குடித்துவிட்டு இதைப் படியுங்கள். இப்படி ஒரு மழை ராத்திரியில் சோல்வே பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

கரீபா ஏரிக்கரையில் கைக்கயிறு போட்டு மீன் பிடிக்கும் பெண்களில் சோல்வேக்கு ஈடு கிடையாது. படகில் ஏற மாட்டாள், வலையும் கிடையாது. கரையில் நின்று வீசுவாள், கரையில் நின்றே இழுப்பாள். மறுநாள் அவள் மகள் லுயாண்டோவைக் கூட்டிப்போக மாப்பிள்ளை வீட்டார் மேட்டு நாட்டிலிருந்து லாரி வைத்துக்கொண்டு வருகிறார்கள். இருபது பேராவது இருப்பார்கள். அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டும்.

வீட்டில் கோழி இல்லை. கழிச்சல் நோயில் போன மாதமே எல்லாம் போய்விட்டது. மிஞ்சியிருந்தது ஒரு வெள்ளைக் காது ஆடு. இரண்டு வருஷ வறட்சியில் பதினோரு ஆட்டில் தப்பிப் பிழைத்தது அது ஒன்றுதான். இப்போது நிறை சினை. வயிறு இரண்டு பக்கமும் மூட்டை மாதிரி தள்ளிக்கொண்டு நின்றது. குட்டி இரண்டு என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இனி மந்தை என்று ஒன்று உண்டானால் அந்த வயிற்றிலிருந்துதான் உண்டாக வேண்டும்.

"அக்கா, சம்பந்தக்காரங்களுக்குக் கீரையும் களியும் வெச்சு அனுப்ப முடியுமா? மானம் போயிடும். ஆட்டை அறுத்திடலாம்," என்றான் அவள் தம்பி சியாபூபா. கத்தியைத் தீட்டிக்கொண்டேதான் சொன்னான்.

"நான் வுண்டு புடிச்சிட்டு வரேன். ஒரு மீன் போதும், இருபது பேருக்கும்."

"மேகத்தைப் பாத்தியா? இன்னைக்கு ராத்திரி ஏரி ஆடப்போவுது."

"பாத்தேன். வெளிச்சம் வர்ற வரைக்கும் பொறு. வெளிச்சம் வந்தும் நான் வரலைன்னா அறுத்துடு. என்னைக் கேக்கவும் வேணாம்."

லாரி எட்டு மணிக்கு வரும். விடியும்போது அறுத்தால்தான் அதற்குள் கறி வேகும். கணக்கு இரண்டு பேருக்கும் தெரியும்.

இதற்கு நடுவில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஹமூங்கா ஒரு நாள் முன்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். ஏற்பாடெல்லாம் சரியா என்று பார்க்க வந்தாராம். ஐம்பது வயது, நல்ல தொப்பை, நாற்பது மாடு வைத்திருக்கிற மனுஷர். அவருடைய குலமும் சோல்வேயின் குலமும் ஒன்றையொன்று கேலி செய்கிற குலங்கள். அது சட்டம் மாதிரி. கேலிக் குலத்து ஆள் உங்கள் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு போகலாம். சாவு வீட்டில் வந்து உங்களை வாய்க்கு வந்தபடி பேசலாம். உங்களுக்குக் கோபம் வந்தால் குற்றம் உங்களுடையது. கூப்பிடுவதும் மச்சான், மச்சினி என்றுதான். ஆனால் காலையில் பெண்ணைக் கொடுத்து முடித்துவிட்டால் அவர் சம்பந்தி ஆகிவிடுவார். சம்பந்தியிடம் முகத்தைப் பார்த்துக்கூடப் பேசக்கூடாது. ஆகவே கேலிக்கு மிச்சமிருந்தது அந்த ஒரே ஒரு ராத்திரி. இரண்டு பேரும் அதை வீணாக்கவில்லை.

சாயங்காலம் அவர் தட்டில் களியும் பொரித்த கபெண்டாவும் வைத்தார்கள். சுண்டுவிரல் நீளத்தில் பொடி மீன். அவர் தட்டைத் தூக்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"பள்ளத்தாக்குக்காரங்க மீனுன்னு சொல்றது இதைத்தானா? ஒரு தட்டுல எண்ணூறு கண்ணு என்னையே மொறைக்குது, மச்சினி."

"நாளைக்கு ரெண்டே ரெண்டு கண்ணு இருக்கிற மீன் வெக்கிறேன், மச்சான். தலையே உன் இடுப்பு அகலம் இருக்கும்."

"லாரிக்காரன்கிட்ட வாங்கிட்டு வந்து நீ புடிச்சேன்னு சொல்லுவே."

"கூட வந்து பாரேன். இல்ல, தண்ணின்னா பயமா?"

"எனக்கா பயம்?" என்றார் ஹமூங்கா. அவருக்குப் பயம்தான். வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைத்ததில்லை. ஆனால் கேட்டவள் கேலிக் குலத்துக்காரி. எழுந்து செருப்பைத் தேடினார்.

போனை மழைக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டு, தலை டார்ச்சும் கயிற்றுச் சுருளும் வாளியும் தார்ப்பாயும் ஒரு பால்பவுடர் டப்பாவும் எடுத்துக்கொண்டு சோல்வே முன்னால் நடந்தாள். டப்பாவில் இருந்தது துணி துவைக்கிற நீலச் சோப்பு, தீப்பெட்டி அளவில் துண்டு துண்டாக வெட்டியது. வுண்டு என்கிற அந்தப் பெரிய கெளுத்திக்கு அதுதான் இரை. மீனுக்கு அதன்மேல் ஏன் அப்படி ஒரு பைத்தியம் என்று கேட்காதீர்கள், கொழுப்பு வாசனை என்பார்கள். ஏரிக்கரையில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். மேட்டு நாட்டில் யாருக்கும் தெரியாது. அதை ஹமூங்காவிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று சோல்வேக்குத் தோன்றவே இல்லை.

வழியில் நீர்யானை போட்டு வைத்திருந்ததில் ஹமூங்கா வழுக்கி விழுந்தார். முன்பக்கம் முழுக்கப் பச்சை.

"நாளைக்குப் போடற சட்டை," என்றார் பரிதாபமாக.

"அழகா இருக்கு. அப்படியே பொண்ணு கேளு."

அவளுடைய இடம் ஒரு பாறை மூக்கு. பின்னால் ஒரு மோப்பேன் மரம். தண்ணீருக்கு ஏழு எட்டு அடி தள்ளி அவரை உட்காரவைத்து, "இதுக்கு அந்தாண்டை போகாதே, முதலை இருக்கு," என்றாள். மீன் கழுவ ஒரு வாளி மொண்டு வைத்தாள். முதல் சோப்பைத் தூண்டிலில் குத்தி, கயிற்று நுனியில் கட்டியிருந்த பழைய போல்ட்டைத் தலைக்கு மேல் சுழற்றி வீசினாள்.

பத்து மணிவரை ஒன்றும் இல்லை. பதினொன்றுக்குக் காற்று திரும்பியது. ஏரிக்குள்ளிருந்து வந்த முதல் அலை பாறையில் அடித்து இரண்டு பேர் முகத்திலும் தெறித்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. மழை நேராக விழாமல் படுத்துக்கொண்டு வந்தது. அலைக்குச் சோப்பு தாங்கவில்லை, கால் மணிக்குள் கரைந்து வெறும் தூண்டில் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் தூண்டிலைப் பார்க்கும்போது சோல்வேக்கு ஆட்டின் வெள்ளைக் காதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்து வளைவில் அலை குறைவாக இருக்குமோ என்று பார்க்கப் போனாள். அங்கே இதைவிட மோசம். அரை மணி கழித்துத் திரும்பி வந்து டப்பாவைத் திறந்தாள். காலி.

"மச்சான், இதுல இருந்தது எங்க?"

"எது, சோப்பா?" ஹமூங்கா வெற்று உடம்போடு மரத்தில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். "சட்டைக்குப் போட்டேன். சின்னச் சின்னதா வெட்டி வெச்சிருக்கா, விருந்தாளி மேல எவ்வளவு அக்கறைன்னு நெனச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"காலருக்கே ரெண்டு துண்டு போச்சு. நீர்யானைது லேசுல போவுமா?"

சோல்வே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். வருவது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அது மீனுக்கு வெச்சிருந்த சாப்பாடுய்யா."

"சோப்பா? மீனு சோப்பு தின்னுமா? சோப்பு தின்ன மீனையா என்னைத் திங்கச் சொன்னே?"

"மச்சான், அந்தச் சட்டையை அலசிட்டியா?"

"எங்க அலசறது? வாளியைக் காத்து தள்ளிட்டுப் போயிடுச்சு. அப்படியே சுருட்டி உன் தார்ப்பாய்க்கு அடியில வெச்சிருக்கேன்."

அவள் பாய்ந்து போய்த் தார்ப்பாயைத் தூக்கினாள். சட்டை வழவழவென்று கட்டித் தயிர் மாதிரி இருந்தது. காலரிலும் கைப்பட்டியிலும் சோப்பு விரல் பருமனுக்கு அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். சோப்பு, வியர்வை, கொஞ்சம் நீர்யானை. இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள்.

"ஏய், ஏய். அது என் தங்கச்சி தைச்சுக் கொடுத்தது. பத்து ஊர் பாக்க நாளைக்கு நான் நிக்கணும்."

"சட்டை எனக்கு வேணும்."

"எந்த மொறையில கேக்கறே? சம்பந்தியாவா, மச்சினியாவா?"

"விடியற வரைக்கும் மச்சினிதான்."

கேலிக் குலத்துக்காரி கேட்டுவிட்டாள். கோபப்பட ஹமூங்காவுக்கு உரிமை இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "காலர்லேர்ந்து ஆரம்பி, அதுதான் நல்லா ஊறியிருக்கு," என்றார்.

காலரை அறுத்து, மற்ற இடத்திலிருந்து வழித்த சோப்பை உள்ளே வைத்துச் சின்ன மூட்டையாகச் சுருட்டி, நூலால் தூண்டிலோடு இறுக்கிக் கட்டினாள். துணிக்குள் இருந்ததால் அலைக்கு அது சீக்கிரம் கரையவில்லை. காற்று மூச்சு வாங்குகிற இடைவெளிக்குக் காத்திருந்தாள். முதல் வீச்சு காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது பக்கவாட்டில் பறந்தது. மூன்றாவது கறுப்புக்குள் எங்கேயோ போய் விழுந்தது. கயிறு ஓடிய நீளத்தை வைத்து, நல்ல இடம்தான் என்று அவள் கைக்குத் தெரிந்தது.

காலர் மூட்டையில் ஒன்றும் கடிக்கவில்லை. ஒரு கைப்பட்டி மூட்டையும் போட்டாள். மணி நான்கு இருக்கும். மின்னல் இப்போது ஏரிக்கு நடுவில் அடித்தது. அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் ஒவ்வொரு மின்னலிலும் தண்ணீருக்கு மேலே எழுந்து நின்று மறைந்தன.

கடைசியாக மிச்சமிருந்தது இரண்டாவது கைப்பட்டி. அதைப் போட்டுக் கயிற்றை ஆள்காட்டி விரலில் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒரு தட்டு. அலை என்று நினைத்தாள். இன்னொரு தட்டு. பிறகு யாரோ மெதுவாக, மரியாதையாக, கயிற்றை அவளிடமிருந்து வாங்கிக்கொள்வது மாதிரி ஓர் இழுப்பு.

"மச்சான், எழுந்திரு," என்றாள் ரகசியமாக. இடிக்கு நடுவில் எதற்கு ரகசியம் என்று அவளுக்கே தெரியாது.

மூன்று முழம் விட்டாள். நான்காவது முழத்தில் இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள்.

ஏரி அவளைப் பிடித்து இழுத்தது. அப்படித்தான் இருந்தது. கால் பாறையில் வழுக்கி, முழங்கால் தேய்ந்து, அவள் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கையில் சுற்றியிருந்த துணி சூடேறியது. ஹமூங்கா அவள் இடுப்புத் துணியைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார்.

"விடு, கயிறை விடு, உன்னையும் சேத்துக் கொண்டு போவுது."

"விட மாட்டேன். என்னை விடாதே நீ."

"முரட்டுக் காளைக்கு எதிர நேரா நின்னு இழுப்பாங்களா? மரத்துல சுத்து. கயிறைக் கொடு இங்க."

கயிற்றின் பின்பாதியை அவர் எடுத்துக்கொண்டு போய் மோப்பேன் மரத்தில் இரண்டு சுற்றுப் போட்டார். முப்பது வருஷம் காளை அடக்கிய கை. மீன் இழுத்தால் சுற்றைத் தளர்த்தி வழுக்கவிட்டார், மீன் ஓய்ந்தால் இறுக்கினார். சோல்வே முன்னால் நின்று கயிற்றை வாங்கி வாங்கிப் பின்னால் தள்ளினாள். மரப்பட்டை புகைந்து மழையில் அணைந்தது. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது.

"நல்ல காளை," என்று கத்தினார். "மச்சினி, இது நல்ல காளை."

"பேசாம பிடி."

பாதி தூரம் வந்திருக்கும். கயிறு சட்டென்று நின்றது. மீனின் துடிப்பே இல்லை. சுவரில் கட்டியது மாதிரி இருந்தது. மின்னல் வந்தபோது பார்த்தாள். கயிறு நேராகப் போய் ஒரு மூழ்கிய மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இழுக்கட்டுமா?"

"தொடாதே. இழுத்தா அறுந்துடும். தளர்த்து."

"தளர்த்தினா ஓடிடுமே."

"மச்சான், மாட்டுல உன் பேச்சைக் கேட்டேன். இதுல என் பேச்சைக் கேளு. முழுசா தளர்த்து."

அவர் தளர்த்தினார். கயிறு தொய்ந்து அலையில் மிதந்தது. மீன் போய்விட்டதா, இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. இழுப்பு இல்லை என்று தெரிந்தால் வுண்டு வந்த வழியே திரும்பும், எப்போதாவது. எப்போதும் இல்லை. சோல்வே மூச்சை எண்ணினாள். நாற்பது. ஐம்பது. அறுபதைத் தாண்டும்போது அவள் விரலுக்கு நடுவில் கயிறு ஒரு சாண் இடது பக்கம் நகர்ந்தது. பிறகு இன்னொரு சாண். மரத்தை விட்டு வெளியே வருகிறது.

"இப்ப," என்றாள்.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். இந்த முறை அது வந்தது. கனமாக, தலையை ஆட்டி ஆட்டி வந்தது. டார்ச் வெளிச்சத்தில் முதலில் மீசை தெரிந்தது, கயிறு பருமனுக்கு. பிறகு வாய். ஹமூங்கா டார்ச்சுக்கு அப்பால் கையைக் காட்டினார்.

"அங்க யாரு சிகரெட் புடிக்கிறது? ரெண்டு பேரு."

"முதலைக் கண்ணு அது. கையைக் கீழ போடு."

அவர் கையைக் கீழே போட்டது மட்டுமில்லை, மரத்துக்குப் பின்னாலும் போனார். ஆனால் சுற்றை விடவில்லை. அதை நான் சொல்லியே ஆகவேண்டும்.

தண்ணீருக்குள் இறங்கி எடுக்க முடியாது. கரையோரத்தில் மீன் வயிறு தரையில் தட்டி அசைய மறுத்தது. சிவப்புக் கண் இரண்டும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தன. ராத்திரி முழுக்கத் திட்டிய அலையை சோல்வே இப்போதுதான் ஆசையோடு பார்த்தாள்.

"மச்சான், அலை வரும்போது இழு. அலை போவும்போது பிடிச்சுக்கோ, அவ்வளவுதான். நான் சொல்றப்போ."

பெரிய அலை ஒன்று முதுகைத் தூக்கிக்கொண்டு வந்தது. "இப்ப." மீன் இரண்டு அடி ஏறியது. அலை திரும்பியது, அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்தது சின்ன அலை, விட்டுவிட்டாள். மூன்றாவது அலை பாறைக்கு மேலேயே வந்து இடுப்புவரை நனைத்தது. "இப்ப, இப்ப, விடாதே." அலை வடிந்தபோது வுண்டு சேற்றில் கிடந்தது. பெரியவர் ஒருத்தர் குப்புறப் படுத்திருப்பது மாதிரி, உர் உர் என்று உறுமிக்கொண்டு. செதில் இல்லாத கறுப்பு உடம்பு. ஹமூங்காவின் தோள் உயரத்துக்கு நீளம் இருக்கும். செவுளில் கயிற்றைக் கோத்து இருவரும் மரம்வரை இழுத்துக்கொண்டு போய்த் தொப்பென்று உட்கார்ந்தார்கள். சிவப்புக் கண்கள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன.

ஹமூங்கா சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சோல்வேயும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தொப்பை குலுங்குவது அவளுக்குத் தெரிகிறது. டார்ச் அணைந்திருந்தது. மழையும் விட்டிருந்தது.

"மச்சான், வெளிச்சம் வந்துடுச்சு."

"வரட்டுமே."

"ஆட்டை அறுத்துடுவான்யா. வெளிச்சம் வந்தா அறுன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். ஓடு. மீனு கெடச்சிடுச்சுன்னு சொல்லு. நான் இதை விட்டுட்டு வந்தா முதலை எடுத்துட்டுப் போயிடும்."

"நான் சொன்னா உன் தம்பி நம்புவானா?"

"உன் கோலத்தைப் பாத்தா நம்புவான். ஓடுய்யா."

அவர் ஓடினார். செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது, எடுக்கவில்லை. ஐம்பது வயது, அந்தத் தொப்பை, சட்டையும் இல்லை, புதருக்குள் மறைந்தார்.

சோல்வே காலி டப்பாவில் கல்லைப் போட்டு ஏரியைப் பார்த்து ஆட்டிக்கொண்டு மீனுக்குப் பக்கத்தில் நின்றாள். வீடு இருபது நிமிஷ நடை. ஓட்டத்தில் பத்து நிமிஷம். அவர் ஓட்டத்தில் எவ்வளவு? ஊர்ப் பக்கம் காதைக் கொடுத்தாள். சேவல் கூவுகிறது. நாய் குரைக்கிறது. ஆடு கத்துகிறதா என்று கேட்டாள். கத்தவில்லை. கத்தாதது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. வானம் சாம்பலிலிருந்து மஞ்சளுக்கு வந்தது.

ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. முதலில் புதரை விலக்கிக்கொண்டு வந்தவன் சியாபூபா. கையில் கத்தி. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கத்தியைத்தான் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. கழுவியிருப்பானோ?

"அறுத்துட்டியா?"

அவன் மீனைப் பார்த்தபடி நின்றான். பதில் சொல்ல மறந்துவிட்டான்.

"சியாபூபா, அறுத்துட்டியான்னு கேட்டேன்."

"எங்கக்கா அறுக்கிறது? முன்னங்காலைக் கட்டிட்டேன். பின்னங்காலுக்குக் குனியறேன், வேலியை ஒடச்சுக்கிட்டு ஒரு ஆளு வந்து விழறாரு, ஒட்டுத் துணி இல்லாம மேல. பேச மூச்சு வரலை. ஆட்டைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறாரு. இப்பவும் விடலை. நான் இங்க வந்து பாத்துட்டுப் போயி சொன்னாத்தான் விடுவாராம்."

சோல்வே அப்படியே மரத்தில் சாய்ந்து சறுக்கி உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை.

"அந்தக் கத்தியைக் கொடு இங்க," என்றாள். எட்டு மணிக்கு லாரி வந்துவிடும், தலை வேகவே இரண்டு மணி நேரம் ஆகும். தம்பியும் கூடப் பிடித்தான். செவுளுக்குக் கீழே கத்தியை வைத்து, இருவருமாக அழுத்தினார்கள்.

இவ்வளவுதான். உங்கள் பக்கத்தில் மழை ராத்திரியில் கரையில் நின்று மீசைக்கார மீன் பிடித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். என்ன இரை போட்டீர்கள், யார் கூட இருந்தார்கள், மீன் கிடைத்ததா, விட்டதா? விட்டதையும் எழுதுங்கள், அதற்கெல்லாம் வெட்கப்படவேண்டாம்.